பூனைக்கு வராத திருட்டு முழி

அபிலாஷின் பூனைக்குத் திருட்டு முழி மட்டும் வரவே மாட்டேன் என்றது.

களிமண் பூனைதான். மீனைத் திருடித் தின்றுவிட்டு நாயிடம் மாட்டிக்கொள்ளும் பூனை. துளித்துளியாக அசைத்து, அசைவுக்கு ஒரு போட்டோ எடுத்து, படத்தை முக்கால்வாசி முடித்துவிட்டான். மாட்டிக்கொள்ளும் கடைசிக் காட்சிதான் பாக்கி. அதைப் பார்த்த பேராசிரியர், "பூனை கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க வந்த மாதிரில்லா இருக்கு. நாய் அந்த மனுவை வாங்குத மாதிரி இருக்கு. நாளைக்குள்ள சரிபண்ணல, அரியர்தான்" என்று ஆசீர்வதித்து அனுப்பியிருந்தார்.

தூத்துக்குடி வெயிலில் எண்ணெய்க் களிமண் இளகினால் புருவம் கன்னத்துக்கு இறங்கிவிடும். ஆகவே பூனை ஓய்வு நேரத்தில் மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கும். அந்த வாசத்துக்கு இரண்டு நிஜப் பூனைகள் மாடியறைவரை வந்து விசாரித்துவிட்டுப் போயின. அவற்றின் முகத்திலும் குற்ற உணர்ச்சி இல்லை.

பொம்மைக்கு முகம் செய்கிறவர்கள் கண்ணாடி முன் நடித்துப் பார்ப்பது வழக்கம். அபிலாஷும் நடித்தான்.

"வயித்து வலியாலே?" என்றான் கட்டிலில் கிடந்த அறைத் தோழன் ஜெனோ.

இனி ஒரே வழிதான். கீழ்வீட்டில், வீட்டுக்கார அந்தோணியம்மாள், வீட்டை ஜெபம் சொல்லி மந்திரிக்க வரும் மாதா கோயில் பங்குச்சாமியாருக்காகச் சீலா மீன் பொரித்து மூடி வைத்திருந்தார். அபிலாஷ் போனான். பெரிய துண்டாகப் பார்த்துத் தின்றான். எல்லாம் கலைக்காகத்தான். ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தால் முகத்தில் பரம திருப்தி. இன்னொரு துண்டு கிடைக்குமா என்கிற யோசனை வேறு.

அப்போது கீழிருந்து சத்தம் வந்தது. "ஏலே! சாமியாருக்கு வச்ச துண்ட எந்தப் பய தின்னான்?"

கண்ணாடியில் முழி வந்துவிட்டது.

அபிலாஷ் பாய்ந்து பூனையை எடுத்தான். இமையைப் பாதி இறக்கி, கருவிழியை ஓரத்துக்குத் தள்ளி, வாயை ஒன்றுமறியாததுபோல் குவித்தான். படிக்கட்டில் காலடி ஏறிவந்தது.

ஜெனோ எட்டிப் பார்த்துப் பதறினான். "நசுக்கிருலே அத! அச்சு அசல் உன் மூஞ்சி!"

ஒரு அமுக்கு அமுக்கினால் சாட்சி இருக்காது. அரியர் இருக்கும். அபிலாஷ் கேமராவை அமுக்கினான்.

"மாதா சத்தியமா நான் இல்ல ஆன்ட்டி" என்று ஜெனோ கதவருகே கும்பிட்டு நின்றான்.

கரண்டியோடு உள்ளே வந்த அந்தோணியம்மாள் பூனையைப் பார்த்தார். அபிலாஷைப் பார்த்தார். மறுபடி பூனையைப் பார்த்தார்.

"ஏலே நாசரேத்துக்காரா, நீதானா அது?" என்று அவன் ஊரைச் சொல்லிக் கேட்டார்.

அவர் மூக்கு விடைத்தது. புருவம் இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன. கீழ்த்தாடை முன்னால் வந்தது. அபிலாஷ் மெதுவாகக் களிமண் நாயைக் கையில் எடுத்தான்.

"ஆன்ட்டி, ஒரு நிமிசம் இப்படியே நில்லுங்க. நாய்க்கு இதான் வேணும்."

கரண்டி பூனைமேல் படவில்லை. அதனால் படம் குறித்த நேரத்தில் முடிந்தது.