பதினோரு எண்ணிக்கை மூச்சு

மூச்சு முட்டுகிறது என்று போனவளின் நெஞ்சில் கம்பெனி டாக்டர் குழாயைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. "எல்லாம் மனசும்மா. மேனேஜர் பாட்டு வகுப்பு ஆரம்பிக்கிறார். அதுல சேரு, சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டார்.

அவள் தலையணைக் கம்பெனியில் பஞ்சு நிரப்புகிறவள். அவளுடைய மூத்த ஓரகத்தி அடுத்த கூடத்தில் உறை தைக்கிறவள். பஞ்சு அறையில் தூசியை வெளியே இழுக்கும் ஃபேன் நின்று ஆறு மாதம். சாயங்காலம் அங்கிருந்து வெளியே வருகிற ஐந்து பெண்களுக்கும் புருவம்கூட நரைத்திருக்கும். தட்டினால் கறுத்துவிடும். நெஞ்சுக்குள் போனதை எதைக்கொண்டு தட்டுவது, சொல்லுங்கள் கண்ணுகளா?

"மனசாம்ல மனசு! அந்த ஃபேனுக்கும் மனசு சரியில்லையா, சுத்த மாட்டேங்குது?" மூத்தவள் வீடு வரைக்கும் பொரிந்துகொண்டே வந்தாள்.

"கத்தாதீங்கக்கா, ரோடே பாக்குது."

"பாக்கட்டும்டி."

ஆனாலும் இருவரும் சேர்ந்தார்கள். பாட்டில் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டு டீச்சர் தோளைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரமே இளையவளுக்குப் படுத்ததும் தூக்கம் வந்தது. மாமியார் ஏதாவது சொன்னால் முணுமுணுக்கிறவள், இப்போது முணுமுணுப்பதையே மெட்டுப் போட்டுச் செய்தாள். குனிந்து தைத்துத் தைத்து மூத்தவளுக்கு வந்திருந்த கழுத்து வலிகூடக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

வகுப்பு முடியும்போது ஒவ்வொருத்தியும் ஒரே மூச்சில் 'ஆ' என்று இழுக்க வேண்டும். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பலகையில் எழுதுவாள். ஆபீஸ் பெண்கள் பதினைந்தில் தொடங்கி இருபதைத் தாண்டினார்கள். தையல்காரிகள் பன்னிரண்டிலிருந்து பதினாறுக்கு ஏறினார்கள். இளையவள் முதல் நாள் பதினொன்று. பிறகு பத்து. ஏழாவது வாரம் ஆறு. பஞ்சு அறைக்காரிகள் எல்லாருக்குமே இறங்குமுகம்தான்.

முதலாளி பார்வையிட வந்த அன்று, மேனேஜர் பலகைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "மொத்தமா சராசரி ஏறியிருக்கு சார். நம்ம ஆளுங்க மனசும் உடம்பும் இப்ப எவ்வளவு தெம்பா இருக்கு பாருங்க!"

மூத்தவள் எழுந்தாள். "பஞ்சு ரூம் ஆளுங்களைத் தனியாப் படிங்க சார்."

"உக்காரும்மா. பாட்டுன்னா மேல கீழ இருக்கத்தான் செய்யும்."

"டீச்சர், நீங்க படிங்க."

டீச்சர் மேனேஜரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு, ஐந்து பேருடையதையும் வாரம் வாரமாகப் படித்தாள். ஒன்றுகூட ஏறவில்லை.

"கழுத்தை நெரிச்சுக்கிட்டே தாலாட்டுப் பாடுறீங்களே, உங்களுக்கே அடுக்குமா?" மூத்தவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ஃபேன் சுத்துற வரைக்கும் இவங்க அஞ்சு பேரும் உள்ள போக மாட்டாங்க. நாங்களும் தைக்க மாட்டோம்."

தையல் கூடம் மொத்தமும் எழுந்து நின்றது.

மறுநாள் மத்தியானம் ஏணியோடு மெக்கானிக் வந்தார். பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். மாற்ற முக்கால் மணி நேரம். எட்டு மாத அநியாயத்துக்கு வெறும் முக்கால் மணி நேரம்! மூத்தவளுக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் இரட்டித்தது.

இரண்டு மாதம் போனது. பாட்டு வகுப்பு தொடர்ந்தது. ஒருநாள் இளையவள் ஒன்பது வரை இழுத்தாள். எட்டிப் பார்த்த மேனேஜர் கைதட்டினார். "பாத்தீங்களா, பாட்டோட மகிமையை!"

"பாட்டு திருப்பிக் குடுக்குது சார். பறிச்சது நீங்க," என்றாள் மூத்தவள். "பதினொண்ணு இருந்துச்சு. மீதி ரெண்டு எங்க?"

இளையவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கக்கா, போதும்."

"எப்படிடி விடுவேன்?" மூத்தவள் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. "சொல்லுங்க சார். எங்க?"