தோக்தாரின் இரண்டாவது மகன்

அன்று விருந்துக் கூடாரத்தில் இருந்தவர்கள்: மாகாண ஆளுநர் மிர்சாபேக், அவருக்கு வேண்டிய வரலாற்றை எழுதிக்கொடுக்கும் பேராசிரியர் அமந்தாய், என் மனைவி ஷார்பான், எங்கள் கடைக்குட்டி மகள் ராபிகா, அவளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை குவானிஷ், அவனுடைய அப்பாவழித் தாத்தா பெக்போலாத், பிறகு சேய்த்கலி என்கிற நான். தொலைக்காட்சிக்காரர்கள் கறி வெந்த வாசனை வந்ததுமே காமிராவை மூடிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அன்று தானும் உள்ளே இருந்ததாக இப்போது ஊரில் சொல்லித் திரிகிறவர்களையெல்லாம் சேர்த்தால், குதிரைப் பந்தய மைதானம்கூடப் போதாது.

எங்கள் கஸாக் மக்களிடையே தந்தைவழியில் ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. எங்கள் ஊரில் எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவேன். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பக்கத்து மூதாதையரையும் விரல்விட்டு எண்ணுவேன். இரண்டு காதல் கல்யாணங்களை ஆறாவது தலைமுறையில் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்கள் இன்றும் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். சோவியத் காலத்தில் நான் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். குலப்பெருமை பேசுவது பிற்போக்குத்தனம் என்று பகலில் பாடம் நடத்துவேன். சாயங்காலம் என் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஏழு பெயர்களையும் ஒப்பிக்க வைப்பேன். இரண்டையும் ஒரே கம்பீரமான குரலில்தான் செய்தேன்.

சுதந்திரத்தின் இருபதாம் ஆண்டு விழாவுக்குத் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. மக்களுக்குத் தாங்கள் யாரென்று தெரியவில்லை, எனவே ஒவ்வொரு மாகாணமும் ஒரு மாவீரனைக் கண்டுபிடித்துச் சிலை வைக்க வேண்டும் என்று. எங்கள் மாகாணத்தில் வீரர்கள் தட்டுப்பாடு. அமந்தாய் எங்கள் வீட்டுக்கு வந்து பால் கலந்த தேநீரைக் கோப்பை கோப்பையாகக் குடித்தார்.

"பெரியவரே, உங்க பரம்பரையில போருக்குப் போனவங்க யாராச்சும்?"

"எங்க அஞ்சாவது பாட்டன் தோக்தார். உப்பு எடுக்கப் போறேன்னு குதிரையில கிளம்பினவர், ஒரு குளிர்காலம் முழுக்கத் திரும்பி வரல."

"எங்க போனாராம்?"

"அதை அவர் பொண்டாட்டிகிட்டயே சொல்லலயாம்."

அமந்தாய் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தோக்தார் எல்லையில் எதிரிப் படையைக் குளிர்காலம் முழுவதும் தடுத்து நின்றிருந்தார். நான் மறுக்கவில்லை. உப்பு கொண்டுவந்ததாகவும் வீட்டில் யாரும் சொன்னதில்லையே.

"இன்னொண்ணு," என்றார். "தோக்தாருக்கு ரெண்டாவதா ஒரு மகன் இருந்தாராமே. தெற்கே போய்ட்டாராம்."

"எனக்குத் தெரிஞ்சு ஏசென் ஒருத்தர்தான்."

"உங்களுக்குத் தெரிஞ்சு ஒருத்தர். ஆளுநருக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர். அந்த ரெண்டாவது மகன் வழியில வந்தவர்தான் அவரு. உங்களை அண்ணேன்னு கூப்பிடணும்னு ரொம்ப ஆசைப்படறாரு."

நான் தேநீரில் ஒரு வாய் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தபோது தோக்தாருக்கு இரண்டு மகன்கள்.

சிலை வந்தது. முகம் அச்சாக ஆளுநரின் முகம். மீசை மட்டும் அதிகம். சதுக்கத்தில் நாட்டின் தலைவருடைய பெரிய படம் இருக்கிறது. அதற்கு முதுகு காட்டக்கூடாது என்று குதிரையைத் திருப்பி வைத்தார்கள். இப்போது அதன் பின்புறம் நேராக எங்கள் வீட்டு வாசலைப் பார்க்கிறது. அதையும் ஒரு மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். திறப்பு விழாவில் பெரிய ரோமத் தொப்பியும் சரிகை அங்கியுமாகக் காமிரா முன் நின்று என் தந்தையிலிருந்து மேலே ஏழு பெயர்களைச் சொன்னேன். ஐந்தாவதாகத் தோக்தார் வந்ததும் நிறுத்தி, அவருடைய இரண்டாவது மகனின் வழியில் வந்தவர்தான் நம் ஆளுநர் என்று என் வாயால் அறிவித்தேன். பீடத்தின் கல்லிலும் அப்படியே செதுக்கியிருந்தது. ஆளுநர் என்னைத் தழுவி, "அண்ணே" என்றார். நெஞ்சு நிமிர்ந்ததில் அங்கியின் ஒரு பொத்தான் தெறித்தது.

விருந்தில் ஆட்டுத் தலையை எனக்கு முன்னால் வைத்தார்கள். இருப்பவர்களில் மூத்த மரியாதை யாருக்கோ அவருக்குத்தான் அது. வெட்டக் கத்தியை எடுத்தபோது எதிரே பெக்போலாத் கறியைத் தொடாமல் இருப்பதைக் கவனித்தேன். அவர் ஆளுநருக்குப் பெரியப்பா. மாற்றலாகி வந்த ஆளுநர் தம் சொந்தக்காரர்களையும் கூடவே கொண்டுவந்தார். அப்படி மாட்டு மருத்துவராக வந்த பையன்தான் குவானிஷ். போன மாதம்தான் அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து ராபிகாவின் காதில் நிச்சயத் தோடு போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"என்ன சம்பந்தி, கை வைக்காம இருக்கீங்க?" என்றேன்.

"சம்பந்தியா?" என்றார் பெக்போலாத். "எண்ணிட்டிருக்கேன். உங்க பொண்ணுக்குத் தோக்தார் ஆறாவது பாட்டன். எங்க பேரனுக்கும் ஆறாவது. நீங்கதானே மைக்ல சொன்னீங்க? அப்ப இது அண்ணன் தங்கச்சி முறையில்ல ஆகுது?"

ஊருக்கெல்லாம் எண்ணிய விரல்களை மடியில் வைத்து ஒருமுறை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஆறுதான் வந்தது.

"இவர் எண்ணலையா?" என்றாள் ஷார்பான். எங்கள் வழக்கப்படி அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். அன்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "ஊர்ப் பொண்ணுங்க கல்யாணத்தையெல்லாம் எண்ணி எண்ணி நிறுத்தினவராச்சே."

குவானிஷ் எழுந்து நின்றான். "தாத்தா, அந்த ரெண்டாவது மகனை நம்ம வீட்ல யாரு கேள்விப்பட்டிருக்காங்க?"

"உக்காருடா," என்றார் ஆளுநர். குரலை உயர்த்தவே இல்லை. "கல்லுல இருக்கு. தலைநகர்ல பாத்துட்டாங்க. மேல இருக்கறவரே பாத்துட்டுத் தலையாட்டினாராம். அப்படி ஒரு மகன் இல்லைன்னு சொல்ற ஆளு இந்தக் கூடாரத்துல யாராச்சும் இருக்கீங்களா?"

அமந்தாய் ஒரு எலும்பை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அப்ப தோட்டைக் கழட்டும்மா," என்றார் பெக்போலாத். அவரும் அதை விரும்பிச் சொல்லவில்லை. "முறை முறைதான்."

ராபிகாவின் கை காதுக்குப் போனது. கழற்றவில்லை, தோட்டை மூடிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, மூணு வருஷமா இவரைத் தெரியும். உங்களுக்குப் பயந்துதான் முன்னாடியே அவங்க வம்சத்தைக் கேட்டு நானே எண்ணிப் பாத்தேன். எட்டு வரைக்கும் எண்ணினேன். எங்கயும் இடிக்கல. இப்ப நான் என்ன செய்யணும்?"

எனக்கு முன்னால் ஆட்டுத் தலை இருந்தது. அது என்னைவிடத் தெளிவாக இருப்பதுபோல் தோன்றியது. இரண்டாவது மகனை இனி வம்சத்திலிருந்து யாராலும் எடுக்க முடியாது. முதல் மகனின் வழியில் வந்த ஒருவனை எடுக்கலாம். கத்தியைக் கீழே வைத்தேன்.

"சம்பந்தி, வீட்டு விஷயம். இதுவரைக்கும் வெளிய சொன்னதில்ல. எங்கப்பா ஓமிர்சாக், நூர்பெய்ஸுக்குப் பொறந்தவர் இல்ல. பஞ்சத்துல வழியில கிடந்த பிள்ளை. நூர்பெய்ஸ் குதிரைச் சேணப்பையில போட்டுக் கொண்டுவந்து வளர்த்தார். தோக்தாருக்கும் எங்களுக்கும் ரத்தத் தொடர்பு கிடையாது."

ஷார்பான் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள், கோப்பை வழிந்தது.

பெக்போலாத் என் பக்கம் குனிந்தார். "யாரோட பிள்ளை?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? அதுவும் எங்க வம்சமா இருந்துட்டா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "கஸாக்கே இல்லைன்னு நினைக்கிறேன்," என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

"என்ன மொழி பேசினாராம்?"

"அழுகைதான் பேசினாராம்."

"வடக்கேருந்து வந்த யாரோ குடியேறியோட குழந்தையா இருக்கலாம்," என்றார் அமந்தாய், எலும்பை வைத்துவிட்டு. "மூக்கைப் பாத்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம்."

என் மூக்கைப் பற்றி இதற்கு முன் யாரும் அப்படிப் பேசியதில்லை.

ஆளுநர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. தோக்தாருக்கு இப்போது தாம் மட்டுமே வாரிசு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல பெரியவரே," என்றார். அண்ணே போய்விட்டது. "ஏழு பாட்டன் பேரும் தெரியாதவங்களும் நம்ம நாட்டு மக்கள்தான்." ஆட்டுத் தலை இருந்த தட்டைத் தாமே இழுத்துப் பெரியப்பா பக்கம் வைத்தார்.

பெக்போலாத் கறியில் கை வைத்தார். "தோடு இருக்கட்டும்மா," என்றார்.

மறுநாள் ஒரு கொத்தன் வந்து பீடத்தில் என் வழிப் பெயர்களைச் செதுக்கி அழித்தான். வாசலில் நின்று பார்த்தேன். குதிரையின் பின்புறம் மட்டும் அப்படியே இருந்தது.

கல்யாணம் இலையுதிர் காலத்தில் நடந்தது. அன்று பெக்போலாத் என்னைத் தனியே அழைத்துப்போனார். "சம்பந்தி, எங்க வீட்லயும் அந்த ரெண்டாவது மகனை யாரும் கேள்விப்பட்டதில்ல."

"பிறகு ஏன் கூடாரத்துல தோட்டைக் கழட்டச் சொன்னீங்க?"

"கல்லுல ஆளுநர் எழுதினதைப் பொய்னு நான் சொல்லவா? அவன்தானே என் பேரனுக்கு வேலை போட்டுக் கொடுத்தான். நீங்க ஏதாச்சும் செய்வீங்கன்னு பாத்தேன். சேணப்பை வரைக்கும் போவீங்கன்னு எதிர்பாக்கல."

இப்போது ஊரில் கல்யாணப் பேச்சுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. போனாலும், சேணப்பைக்காரர் வந்திருக்கிறார் என்று உள்ளே சிரிக்கிறார்கள். நான் நிறுத்திவைத்த பெண்களில் ஒருத்தி போன வாரம் தெருவைக் கடக்காமல் நேரே வந்தாள். "பெரியப்பா, எங்க கல்யாணத்தப்பவே இந்தப் பை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கலாமே," என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் தந்தை வழியில் கிடந்த பிள்ளை என்று பரவியிருக்கும் செய்தி தவறு. ஓமிர்சாக், நூர்பெய்ஸுக்குத் தம் சொந்த வீட்டில் பிறந்த மகன். நூர்பெய்ஸ் பைத்தாஸின் மகன். பைத்தாஸ் ஏசெனின் மகன். ஏசென் தோக்தாரின் மகன். தோக்தாருக்கு ஒரே மகன்.