ஆப்சென்ட் மெசேஜ்

நான் பள்ளிக்குப் போகாமல் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தது ஊர் சுற்றுவதற்காக இல்லை. அப்பாவிடம் திட்டு வாங்குவதற்காக. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அம்மா செத்த பிறகு அப்பா என்னை முனீஸ்வரி அத்தை வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். அங்கேயே இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் ஞாயிறு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. நானாகக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேன்த்தா" என்று வைத்துவிடுவார்.

ஆனால் போன வருடம் காய்ச்சலில் நான் லீவு போட்ட அன்று, 'உங்கள் மகள் இன்று வரவில்லை' என்று பள்ளியிலிருந்து அவருக்கு மெசேஜ் போய்விட்டது. உடனே என் போன் அடித்தது. "ஏ கழுத! பள்ளிக்கூடம் போகாம அங்க என்னத்தக் கிழிக்கிற?" காய்ச்சல் என்றதும் குரல் அப்படியே இறங்கிவிட்டது. ரசஞ்சோறு சாப்பிடச் சொன்னார். ரொம்ப நேரம் பேசினார். அதனால்தான் இன்று வேண்டுமென்றே மட்டம் போட்டேன்.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். குளத்தைச் சுற்றி நடந்த ஒருவர், "பள்ளிக்கூடம் இல்லையாம்மா?" என்றார்.

"ஒங்களுக்கு ஆபீஸ் இல்லையா?" என்றேன். வாய்க்கு மட்டும் எனக்குக் குறைச்சல் இல்லை.

மத்தியானம் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். அழுகை அழுகையாக வந்தது. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

சாயங்காலம் அத்தை வாசலிலேயே நின்றாள். "எங்கடி போன? வேலை விட்டு வந்து போனப் பாத்தா, நீ ஸ்கூலுக்கு வரலன்னு மெசேஜ் கெடக்கு. ஈரக்கொல நடுங்கிப் போச்சு."

"ஒனக்கா? அது அப்பாவுக்குல்ல போகும்?"

அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "போன மாசம் ஒங்கப்பன்தான் பள்ளிக்கூடத்துல என் நம்பரக் குடுக்கச் சொன்னான். ஒன்னயப் பத்தி எதுவும் வந்தா அந்த வீட்டுல சண்டையாம்."

"அப்ப அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதுத்தா. நானும் மூச்சு விட மாட்டேன். பயப்படாத."

வந்த ஆத்திரத்தில் பையைத் தூக்கி எறிந்தேன். "சொல்லு அத்த! நான் போகலன்னு அவருகிட்டச் சொல்லு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொல்ல மாட்டேன்த்தா, சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.