சுவர்க்கட்டும் சம்மட்டிக்காரர்களும்

"மறுபடியும் சம்மட்டிக்காரன்" என்றார் ஆய்வாளரம்மா.

ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர் பிரேக்கில் கால் வைத்துவிட்டார். "எங்கம்மா?"

"ரோட்டுல இல்லைய்யா. போன்ல."

ஓட்டுநர் பெருமூச்சு விட்டு வண்டியை எடுத்தார். பின்சீட்டில் எடைக்கற்கள் இருந்த பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. கடைகடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பதுதான் ஆய்வாளரம்மாவின் உத்தியோகம். தராசு சரியாக இருந்தால் முத்திரை, தப்பாக இருந்தால் சீல். சொந்தத் தாய்மாமன் கடைத் தராசுக்கே சீல் வைத்தவர். மாமா அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் இவரைப் பார்த்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். "மாமா அந்தப் பக்கம் பார்த்தா எனக்கென்ன, தராசு நேரா இருந்தா சரி" என்பார் இவர்.

கணுக்கால் எலும்பு முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, பொழுது போகட்டுமே என்று தம்பி இந்தச் சீட்டு விளையாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தான். ஆளுக்கொரு கோட்டை. ஆளுக்கொரு சீட்டுக்கட்டு, அதில் எந்தெந்தச் சீட்டு இருக்க வேண்டும் என்பதை ஆடுகிறவரே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளலாம். எதிரில் ஆடுகிறவர் எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஆள். யாருக்கு எதிரே யாரை உட்கார வைப்பது என்பதை விளையாட்டே முடிவுசெய்யும். கோட்டை விழுந்தால் தோல்வி. கையிலிருக்கும் கட்டு தீர்ந்துபோனாலும் தோல்வி.

கால் குணமாகிவிட்டது. விளையாட்டு குணமாகவில்லை.

"அதான் வீரர்கள் கட்டு வெச்சு ஜெயிச்சுக்கிட்டே இருந்தீங்களேம்மா?" என்றார் ஓட்டுநர்.

"இன்னமும் ஜெயிக்கிறேன். நாலு வீரனை இறக்கினா எதிராளி மூச்சு விடறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சுபோகுது."

"அப்புறம் எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"போரடிக்குதுய்யா."

"ஜெயிக்கிறது போரடிக்குதுன்னு சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

போரடித்ததால் ஆய்வாளரம்மா சொந்தமாக ஒரு கட்டு தயாரித்திருந்தார். உலகத்தில் வேறு யாரும் அப்படியொன்றைத் தயாரித்திருக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அதில் வீரன் கிடையாது. வில், வாள், குதிரை எதுவும் கிடையாது. எல்லாம் சுவர்கள், சுவர்களுக்குப் பின்னால் வரிசையாக நர்சுகள். எதிராளி இடிப்பான், நர்சுகள் சரிசெய்வார்கள். அவன் மறுபடி இடிப்பான், இவர்கள் மறுபடி சரிசெய்வார்கள். கடைசியில் அவன் கட்டு தீர்ந்து அவனே தோற்றுப்போக வேண்டும். சண்டையே போடாமல் ஜெயிக்கிற வழி.

அந்தக் கட்டை எடுத்த நாள் முதலாகத்தான் சம்மட்டிக்காரன் வர ஆரம்பித்தான். அது ஒரு சீட்டு. எல்லாச் சுவர்களையும் ஒரே அடியில் தரைமட்டமாக்கும். சுவர் இல்லாத இடத்தில் செல்லாக்காசு. சுவர் வைத்து ஆடுகிறவர்கள் அபூர்வம் என்பதால் புத்தியுள்ள யாரும் அதைத் தம் கட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் ஆய்வாளரம்மா சுவர்க்கட்டை எடுத்தால், எதிரே வருகிற ஒவ்வொருவனும் சம்மட்டியோடு வந்தான். அதை வைத்துவிட்டு வீரர்கள் கட்டை எடுத்தால் சம்மட்டியைக் காணோம். மறுபடி சுவர், மறுபடி சம்மட்டி.

"என் கையில என்ன இருக்குன்னு பார்த்துட்டு ஆள் அனுப்புறான்யா" என்றார் ஆய்வாளரம்மா.

"யாரும்மா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதுதான் சங்கடம். அந்த விளையாட்டை நடத்துகிற கம்பெனியில், யாரை யாருக்கு எதிரே உட்கார வைப்பது என்று பார்க்கிற பிரிவில்தான் தம்பிக்கு வேலை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டார்.

"டேய், நான் எந்தக் கட்டு எடுக்கிறேன்னு பார்த்துட்டு அதுக்கு எதிரா ஆள் அனுப்புறீங்களா நீங்க?"

"சேச்சே. அதெல்லாம் இல்லக்கா."

"அப்போ ஏன் எல்லாரும் சம்மட்டியோட வர்றாங்க?"

"தற்செயல்க்கா."

பதில் சட்டென்று வந்தது. கேள்வி முடிவதற்கு முன்பே வந்ததுபோல இருந்தது. ஆய்வாளரம்மா டிபன் டப்பாவை மூடினார். 'தற்செயல்' என்று கடைக்காரர்கள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டவர் அவர். தற்செயல் என்றால் தராசு ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் காட்ட வேண்டும். தினமும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குப் பெயர் வேறு.

சம்மட்டியைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலையில்லை. அம்மா போனபிறகு கையைப் பிடித்து வளர்த்த பையன். ஊருக்கெல்லாம் புளுகினாலும் அக்காவிடம் புளுக மாட்டான் என்று நம்பியிருந்தார். ஆயுள் முழுக்க எல்லோரையும் சந்தேகப்பட்டே பிழைத்தவருக்கு, சந்தேகப்படாமல் இருக்க என்று ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவனும் இப்படியா என்பது தெரிந்தாக வேண்டும்.

முகம் தெரிந்த ஆய்வாளர் கடைக்குள் நுழைந்தால் தராசு ஒழுங்காகத்தான் நிறுக்கும். அதனால் அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: அறிமுகமில்லாத யாரையாவது வாடிக்கையாளர்போல அனுப்பிப் பொருள் வாங்கிவரச் சொல்வார்கள். சனிக்கிழமை, தம்பி முடிவெட்டப் போயிருக்கும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனார். தம்பி மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குப் போகுமுன் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"வாங்க அண்ணி. அவரு இல்லையே."

"தெரியும். உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"ஒரு சோதனை."

"ஐயோ, நான் எதையும் குறைச்சு நிறுக்கல அண்ணி."

விஷயத்தைச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆளுங்களுக்கு ஜோடி சேர்க்கிற வேலையா இவருக்கு? வீட்டுல சாக்ஸுக்கு ஜோடி சேர்க்கத் தெரியாதே!"

அவள் போனில் விளையாட்டைப் போட்டு, அவள் பெயரில் கணக்குத் திறந்து, அதே சுவர்க்கட்டைக் கட்டினார்கள். அவள் ஆட, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முதலில் வந்தவன் வில்லாளிகளோடு வந்தான். அடுத்து மந்திரவாதி. அதற்கடுத்தவன் என்ன வைத்திருந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. சிலவற்றில் தோற்றாள், சிலவற்றில் ஜெயித்தாள். சம்மட்டி மட்டும் தலைகாட்டவே இல்லை.

"அண்ணி, உங்க கட்டு நல்லாத்தானே போகுது! பாவம், அவன் அடிச்சு அடிச்சுக் களைச்சே போயிட்டான்."

ஆய்வாளரம்மாவின் முகத்தில் சிரிப்பில்லை. அப்படியானால் இது கட்டின் மேல் உள்ள விரோதம் இல்லை. ஆளின் மேல்.

தம்பி புதிதாக வெட்டிய தலையோடு உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்தான். மனைவியின் கையிலிருந்த போனைப் பார்த்தான். திரும்பி வெளியே போகலாமா என்று நினைத்ததுபோல ஒரு கணம் நின்றான்.

"உக்காரு" என்றார் ஆய்வாளரம்மா.

உட்கார்ந்தான்.

"அவளுக்கு வராத சம்மட்டி எனக்கு மட்டும் ஏன்டா வருது?"

"அக்கா, அது வந்து..."

"தற்செயல்னு சொன்னே."

"தற்செயல் இல்லக்கா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ கால்ல கட்டோட படுத்திருந்தியா? மொத நாள் ஆடி எல்லாத்துலயும் தோத்துட்டு போனைத் தூக்கி எறிஞ்சியா? அதான், உன் கணக்கைப் பயிற்சி அறையில போட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"நாங்க சோதனைக்கு வெச்சிருக்கிற இடம். அங்க எதிர்ல வர்றது மனுஷங்க இல்ல. கம்ப்யூட்டர். தோக்கிறதுக்குன்னே செஞ்சது. எல்லாத்துக்கும் ஒரே கட்டு, நிறைய சம்மட்டி. சம்மட்டியை வெச்சுக்கிட்டு யாரையும் ஜெயிக்க முடியாதில்ல, அதனால."

"அப்போ வீரர்கள் கட்டு எடுத்தப்போ சம்மட்டி ஏன் வரல?"

"அப்பவும் இருந்துச்சுக்கா. இறக்கிறதுக்குள்ள நீ முடிச்சுட்டே. சுவர்க்கட்டு எடுத்தப்போதான் ஆட்டம் நீண்டு, அதுங்க கையில இருந்ததை நீ முழுசாப் பார்த்தே. ஆளை மாத்தவே இல்லக்கா. எப்பவும் அதே ஆளுங்கதான்."

ஆய்வாளரம்மா தன் போனை எடுத்து, இதுவரை எதிரே ஆடியவர்களின் பெயர்ப்பட்டியலைத் தள்ளிப் பார்த்தார்.

"பூனைவாத்தியார்?" என்றார் ஆய்வாளரம்மா.

"யாரு?"

"பூனைவாத்தியார்னு பேர் வெச்சுக்கிட்டு ஒருத்தர் வருவாரே. தினமும் என்கிட்ட தோப்பாரு. ரிட்டயர் ஆன வாத்தியாரா இருக்கும், வீட்ல பேச்சுத்துணைக்கு ஆளில்ல போலன்னு நினைச்சு, தினம் ஆட்டம் முடிஞ்சதும் 'நல்லா ஆடினீங்க'ன்னு கைதட்டுற படம் அனுப்புவேன்."

தம்பி வெட்டிய தலையைத் தடவிக்கொண்டான். "அதுவும் கம்ப்யூட்டர்தான்க்கா."

"ஒருநாள் வேணும்னே விட்டுக்கூடக் குடுத்தேனேடா அவருக்கு."

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது.

"உனக்கு நல்லதுதானேக்கா செஞ்சேன்? ஜெயிக்கத்தானே வெச்சேன்?"

"வாங்குறவனுக்குக் கூடப் போடுற தராசுக்கும் நான் சீல்தான்டா வெச்சிருக்கேன். என்ன, கூடப் போடுதுன்னு எவனும் வந்து புகார் குடுக்க மாட்டான். நானே குடுக்கல பாரு. இத்தனை நாள் என் பக்கம் சாஞ்சிருக்கு, ஒரு தடவை கல்லு வெச்சுப் பார்க்கலியே நான்!" குரல் உயரவில்லை. அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. "அதைக்கூட விடு. கேட்டப்போ ஏன்டா பொய் சொன்னே?"

அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை போய் உன் மேலதிகாரிகிட்ட நீ செஞ்சதைச் சொல்லு. என்னை அங்கேயிருந்து எடு."

"அக்கா, வேலைக்கே உலை வெக்கிற விஷயம்க்கா இது."

"சொல்லிட்டு வா."

திங்கட்கிழமை மாலை அவனே போன் செய்தான். குரலில் ஏதோ ஒரு மாதிரியான குழப்பம். "சொல்லிட்டேன்க்கா. கூப்பிட்டு நல்லாத் திட்டினாரு. அப்புறம் அந்த அறையில வேற யார் யார் இருக்காங்கன்னு பார்க்கச் சொன்னாரு. ஆபீஸ்ல பாதிப் பேரோட அம்மாக்கள் அங்கதான் இருக்காங்க."

"ஓஹோ."

"அவரோட மாமியாரும்."

"இப்போ?"

"எல்லாரையும் இன்னைக்கு வெளிய விட்டாச்சு."

ஆய்வாளரம்மா வெளியுலகத்துக்கு வந்தார். வந்த வேகத்தில் தோற்றார். வீரர்கள் கட்டை எடுத்தாலும் தோற்றார், சுவர்க்கட்டை எடுத்தாலும் தோற்றார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "இப்பவும் சம்மட்டியாம்மா?" என்றார்.

"இல்லை. இப்போ கண்டது கடியதெல்லாம் வருது."

"அப்போ நியாயமா நடக்குதுன்னு அர்த்தம்."

"அப்படித்தான் தோணணும்னு இன்னும் கஷ்டமான அறையில கொண்டுபோய்ப் போட்டிருந்தா?"

ஓட்டுநர் கண்ணாடியை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

இதுதான் தொல்லை. ஒருமுறை விரல் வைத்த தராசு. இனி முள் நேராக நின்றாலும் அடியில் கை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி தம்பி வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் அவனை எதிரே உட்காரவைத்தார்.

"உன் போனை எடு. தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு ஆடுற வசதியும் இருக்கில்ல, நீயும் நானும் ஆடலாம். நடுவுல உன் கம்பெனி வேண்டாம்."

"வேண்டாம்க்கா. ஜெயிச்சா கோச்சுக்குவே. தோத்தா விட்டுக்குடுத்தேன்னு சொல்லுவே."

"சொல்றேனா இல்லையான்னு பாரு. எடு."

"ஆடுங்களேன்" என்றாள் தம்பி மனைவி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "நான் பிரேக்குல காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ஆய்வாளரம்மா சுவர்க்கட்டை எடுத்தார். ஆடினாரே தவிர அவர் கண் திரையில் இல்லை. கடைக்காரன் நிறுக்கும்போது அவன் கையைப் பார்க்கிற மாதிரி, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவன் ஒவ்வொரு சீட்டையும் பயந்து பயந்து, அக்காவை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து வைத்தான். சுவர் ஏறியது. நர்சுகள் வந்தார்கள். இன்னொரு சுவர் ஏறியது.

"என்னக்கா இது, கோட்டையா ஆஸ்பத்திரியா?" என்றான். சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது அவனுக்கு.

"ஆடு."

அவன் நிமிர்ந்து பார்ப்பது நின்றுபோனது. முழங்கையை மேசையில் ஊன்றிக் குனிந்துகொண்டான். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. நர்சுகளை ஒவ்வொருத்தியாகத் தூக்கினான். மருந்து போட ஆளில்லாமல் சுவர்கள் விரிசல் விட்டன. "அதை அங்க வெக்கலாமாக்கா? வெக்கலாமா? இந்தா வாங்கிக்கோ!" என்று மேசையைத் தட்டினான். கடைசிச் சுவரும் அதோடு கோட்டையும் விழுந்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு ஓட்டமே ஓடினான்.

"அக்காவை ஜெயிச்சதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி.

"ஒண்ணு சொல்லட்டுமாக்கா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "கோச்சுக்காதே. இவ்வளவு மட்டமான கட்டை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல."

"நான் ஜெயிச்சேனே அதை வெச்சு?" என்றாள் மனைவி.

"உன் எதிர்ல வந்தவங்கெல்லாம் உன்னை மாதிரியே அன்னைக்குத்தான் புதுசாச் சேர்ந்தவங்க. நீ எதை வெச்சாலும் ஜெயிச்சிருப்பே."

ஆய்வாளரம்மா அவன் முகத்தை ஒரு முழு நிமிஷம் பார்த்தார். கன்னம் சிவந்திருந்தது, கண் பளபளத்தது. அந்தச் சந்தோஷத்தில் கலப்படம் துளிகூட இல்லை.

"எங்கே மட்டம்?" என்று கேட்டுவிட்டு, போனை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒவ்வொண்ணாச் சொல்லு."