கோயில் கதவில் ஒட்ட வேண்டிய சீட்டு

இலுப்பூர் ரோட்டில் போட்டிருந்த டெண்டுக் கொட்டகையில், சனிக்கிழமை முதல் ஆட்டத்தின் நடுவில், மூன்றாவது பெஞ்சு அப்படியே மல்லாந்தது. மல்லாத்தியவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் லூர்துநாதன் சார். முதுகுப் பலகை இல்லாத பெஞ்சு என்பதை மறந்து, சிரிப்பு தாங்காமல் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் சும்மா சாயவில்லை, இரண்டு பக்கத்து ஆள்களையும் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மணலில் ஒப்புக்கு நின்ற பெஞ்சு. ஆறு பேரோடு போய்விட்டது.

அவர் பொழுதுபோக்க வந்தவர் அல்ல, வேலையாக வந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்ல வேண்டும். சாமியார் கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது. அதனால் அவருக்குப் பதிலாக லூர்துநாதன் சார் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, 'எல்லாரும் பார்க்கலாம்' என்றோ 'பெரியவர்கள் மட்டும்' என்றோ எழுதிக் கோயில் கதவில் ஒட்டுவார். மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு. காதல் பாட்டு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மொத்தம் எவ்வளவு நேரம் மூட வேண்டியிருந்தது என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதுவார். பொங்கலுக்கு வந்த இரண்டு படங்களையும் அப்படித்தான் பிள்ளைகளுக்கு இல்லை என்று ஆக்கினார்.

இந்தப் படத்தில் கண்ணை மூடும் வேலையே இல்லை. ஹைஸ்கூல் பையன்கள் நாலு பேர் ஹாஸ்டலில் அடிக்கும் கூத்து. அவர்களிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஒரு தமிழ் வாத்தியார்.

கொட்டகையில் ஒரே புரொஜக்டர். ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். லூர்துநாதன் சார் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, விழுந்தவர்களிடம் பொதுவாகச் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க. சிரிப்புல நெலை தவறிப் போச்சு. வெளங்குச்சா?"

கொட்டகையே சிரித்தது. தரை டிக்கெட் எழுந்து நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தது. படத்து வாத்தியாரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் 'வெளங்குச்சா?' என்றுதான் கேட்பார்.

விளக்கு அணைந்ததும் சார் திரையைக் கூர்ந்து பார்த்தார். இடது கையில் வேட்டி நுனியைப் பிடித்தபடி போர்டில் எழுதும் வாத்தியார். சாக்பீஸ் ஒடிந்தால் சாக்பீஸைத் திட்டும் வாத்தியார். காசு கொடுத்துப் போய்த் தன்னையே பார்த்து உருண்ட ஆள் இந்தத் தாலுக்காவில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. மிச்சப் படத்தில் அவர் பல்லைக் காட்டவில்லை.

வரும் புதன் சாம்பல் புதன். அன்றிலிருந்து நாற்பது நாள் தவக்காலம், சினிமா கிடையாது. அதற்குள் கொட்டகையும் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்றே நாள். 'பெரியவர்கள் மட்டும்' என்று ஒட்டினால், தன்னைக் கேலி செய்த படத்தை வாத்தியார் அமுக்கிவிட்டார் என்று ஊரே சொல்லும். அவர் சிரித்து விழுந்ததைப் பார்க்காத ஆளில்லை. 'எல்லாரும் பார்க்கலாம்' என்று ஒட்டினால், திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவது?

வீட்டில் சாப்பிடும்போது மனைவியைக் கேட்டார்.

"மேரி, நான் பேச்சுக்குப் பேச்சு வெளங்குச்சான்னா கேக்குறேன்?"

"சாப்பிடுங்க, கொழம்பு ஆறுது," என்றாள் அடைக்கலமேரி. சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்படியில் அப்போது ஒரு வேலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாமியாரிடம் போனார்.

"சாமி, படத்துல கெட்டது ஒண்ணுமில்ல. ஒரு வாத்தியாரைக் கேலி பண்றாங்க, அவ்வளவுதான்."

"பொல்லாத கேலியா?"

"நல்ல கேலிதான் சாமி."

"அப்ப, பாக்கலாம்னு ஒட்டிருங்க."

"பிள்ளைகளுக்கு வாத்தியார் மேல மரியாதை கொறைஞ்சிருமோன்னு..."

"அப்ப, வேணாம்னு ஒட்டிருங்க. பாத்தவரு நீங்கதானே." சாமியார் பூசைக்கு உடுத்தப் போய்விட்டார்.

சட்டைப் பையில் இரண்டு சீட்டும் இருந்தன. கையில் கொட்டாங்கச்சி நிறையக் கஞ்சிப் பசை. கோயில் கதவு முன்னால், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றிய பையன் மாதிரி நின்றார். முதல் மணிகூட அடிக்கவில்லை. அதற்குள் எட்டாம் வகுப்பு ஞானசெல்வி முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு வந்து நின்றாள். ஜெபம் செய்ய வந்த முகமாக இல்லை.

"இன்னும் ஒட்டலையா சார்?"

"ஒட்டணும்."

"நேத்துப் பெஞ்சோட விழுந்தீங்களாமே. எங்கப்பா சொன்னாரு."

"ஒங்கப்பா எங்கிட்டு இருந்தாரு? நான் பாக்கலையே."

"ஒங்களுக்கு அடியில சார்."

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். கேட்க வேண்டியவர்களை விட்டுவிட்டு இத்தனை நேரம் யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

"ஞானசெல்வி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். இந்தப் படத்தைப் பாத்துட்டு வந்தா, கிளாஸ்ல என்னைப் பாத்துச் சிரிப்பீங்களா?" வெளங்குச்சா என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பிடித்து விழுங்கினார்.

அவள் வாய்மொழிப் பரீட்சைக்கு யோசிப்பதுபோல யோசித்தாள்.

"சிரிப்போம் சார்."

லூர்துநாதன் சார் 'பெரியவர்கள் மட்டும்' சீட்டை எடுத்தார். விரலைப் பசையில் விட்டார். அவள் எட்டி அதைப் படித்தாள். நகரவில்லை.

"இப்பவே சிரிக்கிறோம் சார். நீங்க போர்டுப் பக்கம் திரும்பினாப் போதும். அஞ்சாங் கிளாஸ்லேருந்து."

பசை விரலோடு அவள் பக்கம் திரும்பினார். "கணக்கு சார் திரும்பினாலும் சிரிப்பீங்களா?"

"அங்கிட்டு யாரு சார் சிரிப்பா? பயந்து கெடப்போம். ஒங்ககிட்ட பயமில்ல, அதான் சிரிக்கிறோம். அதை உள்ள வச்சுட்டு இன்னொரு சீட்டை எடுங்க சார்."