நிறம் கேட்காமல் தைத்த போர்வை

என் அத்தானுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே கண் அப்படி. லேத் பட்டறையில் முப்பது வருடம் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்தவர், ஓய்வு பெற்ற மறுமாதமே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்க ஆரம்பித்துவிட்டார்.

அளவில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நிறம் மட்டும் என் அக்காவின் இலாகா. வாங்கி வந்த துணியை அவர் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரே அகலத்தில் மடித்து அலமாரியில் அடுக்குவார். அக்கா ஒவ்வொன்றிலும் காகிதச் சீட்டு குத்துவாள்: 'இளம்பச்சை', 'செங்கல்', 'கத்தரிப்பூ'. ஒரு சண்டைக்குப் பிறகு எல்லாச் சீட்டிலும் 'நீங்களே கண்டுபிடிங்க' என்று எழுதிவைத்தாள். அவள் பழைய சீட்டுகளைத் திரும்பக் குத்தும் வரை, மனிதர் இரண்டு நாள் மெஷினைத் தொடவில்லை.

போன வருடம் அக்காவின் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அந்த அறை குளிர்ந்து கிடக்கும். அங்கே கொடுக்கும் போர்வை காலை மூடினால் தோளை மூடாது. அக்கா குறை சொல்ல மாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒருநாள் அவளை அங்கே விட்டுவிட்டு அத்தான் நேராக என் வீட்டுக்கு வந்தார். இரண்டு பை நிறையத் துணி.

"உங்கக்காவுக்கு ஒண்ணு தைக்கப் போறேன். அவகிட்ட மூச்சு விடாத."

"நிறம் நான் பாத்துச் சொல்றேன் அத்தான்."

"வேண்டாம்மா. அப்புறம் அது உன் போர்வை ஆயிடும். சீட்டையெல்லாம் கூடக் கழட்டிட்டேன். அதைப் படிச்சா அவ எப்பவும் சேக்கிற மாதிரிதான் கை போகும்."

இருபத்திரண்டு துணியிலும் விரல்நக அளவு வெட்டி, ஒரு தாளில் ஒட்டி, எண் போட்டார். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அதைக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்துவந்தார். நிறமெல்லாம் போய், வெளிர் சாம்பலிலிருந்து கரி வரைக்கும் வெறும் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தாளில் நின்றன. அந்த வரிசைப்படி துணிகளை அடுக்கினார். பிறகு என் சுவரில் வெள்ளை விரிப்பை மாட்டி, வெளிறியவற்றை நடுவிலும் இருண்டவற்றை ஓரத்திலும் குண்டூசியால் குத்திக்கொண்டே போனார்.

பழுத்த சிவப்புக்குப் பக்கத்தில் அடர்பச்சை. அதற்கு அடுத்து காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கட்டம். 'ஐயோ அத்தான்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். கிட்டே நின்று பார்த்தால் கண்ணை உறுத்தியது.

"சமையலறை வாசல்ல போய் நின்னு, கண்ணைப் பாதி மூடிப் பாரு" என்றார்.

பார்த்தேன். சுவருக்குள் யாரோ விளக்கேற்றியது போல இருந்தது. நடுவிலிருந்து வெளிச்சம் படிப்படியாகப் பரவி, ஓரத்தில் மெல்ல அடங்கியது. இத்தனை வருடம் நிறம் தெரிந்த கண்ணை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

அக்கா டயாலிசிஸில் இருக்கும் நேரங்களில் என் வீட்டு மெஷினிலேயே, ஐந்து வாரத்தில் தைத்து முடித்தார். மூலைக்கு மூலை தையல் ஊசிமுனை கூட விலகவில்லை. அடுத்த டயாலிசிஸுக்கு நானும் கூடப் போனேன். ஊசி ஏற்றி மெஷின் ஓட ஆரம்பித்ததும் அக்காவின் மேல் அதை விரித்தார்.

அக்கா விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினாள்.

"ஏங்க, சிவப்புகிட்ட பச்சைய வெச்சிருக்கீங்க."

அத்தானின் முகம் சுண்டிப்போனது. "தப்பாடி?"

"நானா இருந்தா செத்தாலும் வெச்சிருக்க மாட்டேன்." அவள் விரல் அந்தப் பச்சைக் கட்டத்திலேயே நின்றது. "இப்படித்தான் உங்களுக்கு எல்லாம் தெரியுமா? இவ்வளவு அழகாவா?"

அத்தான் போர்வையின் ஓரத்தை இழுத்து அவள் தோளில் செருகினார். பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். நர்ஸ் வந்து, "ஆத்தாடி, இதைத் தைச்சது யாரு?" என்றாள். அக்கா கண்ணாலேயே கணவனைக் காட்டினாள்.

அரை மணி நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். அந்த அறைக்கு வர ஆரம்பித்த பிறகு அவள் கண்ணயர்ந்தது அன்றுதான் முதல்முறை. நான் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அத்தான் அதே நாற்காலியில், போர்வை நழுவாமல் ஒரு கையால் பிடித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.