இடது காலில் இருந்த இதயம்

எனக்கு இதய நோய் என்று என் இடது கால் சொல்லிவிட்டதாம். எழுபத்து மூன்று வருஷமாக என்னைச் சுமக்கிற கால், இப்படிக் கோள் சொல்லும் என்று நான் நினைக்கவில்லை.

தை மாதம். மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்து, பறி பறி என்று நிற்கிற நேரம். மலைமேல் இருக்கிற எங்கள் தேவனூர் நாட்டுக்கு நாமக்கல்லிலிருந்து மைதிலி என்ற அம்மிணி ஊசிப் பெட்டியோடு வந்து அக்குபங்சர் முகாம் போட்டாள். முட்டி வலி என்று போன என் மருமகள் சுகந்தி, துணைக்கு வந்த என்னையும் பாயில் உட்கார வைத்துவிட்டாள்.

மைதிலி என் பாதத்தைத் திருப்பினாள். சுண்டுவிரலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் தோல் தடித்த ஒரு காய்ப்பு. அழுத்திப் பார்த்தாள். சுவரில் தொங்கிய பாதப் படத்தைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"இது இதயத்துக்கான இடம்ங்கய்யா. சக்தி ஓட்டம் அடைச்சிருக்கு. இனிமே நீங்க மரம் ஏறவே கூடாது."

"மரம் ஏறித்தானுங்க அது வந்துச்சு! அம்பது வருஷமா அந்த இடத்தைக் கொடி படர்ந்த மரத்துல ஊனித்தான் மிளகு பறிக்கறேன்."

"பாதத்துல உடம்பு முழுக்க இருக்குங்க. விரல்ல தலை, குதிகால்ல இடுப்பு. இங்க குத்தினா நரம்பு மூளைக்குச் சொல்லும், மூளை இதயத்துக்குச் சொல்லும்."

"சர்வேயர் வெச்சிருக்கற படத்துல குழி வெட்டினா என் காட்டுல தண்ணி வருமாங்க?"

பதிலுக்கு ஊசிதான் வந்தது. முதல் ஊசி வளைந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது எகிறிப்போய்ச் சுவரில் குத்தி நின்றது. இப்போதும் அதில் காலண்டர் தொங்குகிறது.

"பாத்தீங்களா, எவ்வளவு அடைப்பு!" என்றாள்.

அன்றே சுகந்தி மிளகு பறிக்கிற பையை ஒளித்துவிட்டாள். "மாமா, நீங்க ஏறுனா நானும் பின்னாலயே ஏறுவேன்." முட்டி வலிக்காரி பேசுகிற பேச்சா இது? "பக்கத்துக் காட்டு வேலப்பன் பறிக்கட்டும்" என்றும் சொன்னாள். நான் நட்ட கொடியில் வேலப்பன் கை! அவன் மிளகைப் பறித்தால் கொடியும் கூடவே வரும்.

விடுவேனா? வேலப்பனை இழுத்துப்போய் அவன் காலைக் காட்டினேன். அவனுக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு. மைதிலி திகைத்துப்போய், "ஊர்த் தண்ணியிலயே ஏதோ இருக்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். வேலப்பனும் மரம் ஏறக்கூடாதாம். ஆனால் அவன் பெண்டாட்டி ராக்கம்மாள், "ஏறாம ஊட்ல படுத்துக்கலாம்னு பாக்கறியா?" என்று அவனை விரட்டிவிட்டாள். எனக்கு அப்படி ஒரு மருமகள் வாய்க்கவில்லை.

மறுநாள் கொடுவாளைத் தீட்டி, காய்ப்பைச் சுற்றுச் சுற்றாகச் சீவி எடுத்தேன். முகாமின் கடைசி நாள், காலை நீட்டினேன். மைதிலி அழுத்திப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"அடைப்பு போயிருச்சு! மூணே ஊசி!"

போட்டோ எடுத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பேனரும் வைத்துவிட்டார்கள்: 'மூன்றே ஊசியில் இதய நோய் தீர்ந்தவர்.' என் கொடுவாளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சுகந்தி பையைக் கொடுத்தாள். ஓடிப்போய் மரத்தில் காலை ஊன்றினேன். காய்ப்பு போன இடம் பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. பட்டை உரசியதும் உயிர் போயிற்று. சர்ரென்று கீழே வந்து உட்கார்ந்தேன்.

என் மிளகை வேலப்பன்தான் பறித்தான். மரத்தின் உச்சியிலிருந்து, "ஏனுங்க, இதயம் இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று வேறு கேட்டான்.

சீவியதை டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுத்த தைக்குள் அதே இடத்தில் இன்னொரு இதயத்தை வளர்த்துவிடுவேன். அப்புறம் படத்தோடு யார் வேண்டுமானாலும் வரட்டும், நான் செருப்பைக் கழற்றினால்தானே.